பூட்ஸைப் பற்றி விசாரித்தவர்

வெங்கடாசலம் மாடிப்படி இறங்கி வரும்போது அலமாரியில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. கீழே வந்ததும் நிற்பதில்லை. அப்படியே திரும்பி மறுபடி ஏறுகிறார். இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டி, மேலே கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட், காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை ஏறி நிற்கும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பூட்ஸ். அதில் வரிசையாக உலோகக் கொக்கிகள். பனிமலையில் ஏறுவதற்காகச் செய்த பூட்ஸ் அது. வீடு இருப்பதோ கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில். அந்தத் தெருவில் பனி விழுந்து யாரும் பார்த்ததில்லை.

"ஏனுங், படி ஒடைஞ்சா அதுக்கும் வாரண்டி இருக்குதுங்களா?" என்று அடுப்படியிலிருந்து கேட்கிறார் மனைவி வசந்தாமணி.

"இன்னும் சித்த நேரம் வசந்தா. எங்க கடிக்குதுன்னு கடைக்காரன் சொல்ல மாட்டான். காலுதான் சொல்லோணும்."

"சரீங், காலு பேசி முடிச்சதும் வாங்க. சோறு ஆறுது."

பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது. இதற்கு முன் பல ஜோடிகள் அந்தப் படிகளில் ஏறி இறங்கி, தேர்வில் தோற்று, வந்த பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போயிருக்கின்றன.

வெங்கடாசலத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. கோபிசெட்டிபாளையத்துக்காரர். மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரச் சோதனை அவர் வேலை. நரம்புக்குள் போகும் குழாய், இதயத்துக்குள் போகும் கம்பி என்று மனித உடம்பில் நுழைகிற எதுவும் அவர் தலையசைக்காமல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேற முடியாது. அந்தக் கண்களை அவர் அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் வீட்டில் நிம்மதி இருக்கும். வருவதில்லை. லிவர்மோர் கோயிலில் எல்லோரும் செருப்பை அலமாரியில் விட, அவர் மட்டும் காருக்குள் கழற்றி வைத்துப் பூட்டிவிட்டு, வெயிலில் கொதிக்கும் தார்த் தரையில் வெறுங்காலோடு தத்தித் தத்தி வருவார். டாக்டரிடம் போகும் நாளில் தன் சொந்த ரத்த அழுத்தக் கருவியைப் பையில் எடுத்துப் போவார். நர்ஸ் அளந்து முடித்ததும் அதே கையில் தானும் ஒருமுறை அளந்து, இரண்டும் ஒத்துப்போனால் நர்ஸுக்குத் தலையசைப்பார். மாதம் ஒருமுறை புகை அலாரத்துக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறி நின்று சூடம் கொளுத்திக் காட்டுவார். அது அலறினால்தான் அவருக்குத் தூக்கம்.

"எதுக்கும் ஒருக்கா பாத்துக்கறேனுங்க" என்பது அவர் வாயில் நாள் முழுக்க வருகிற வாக்கியம். மரியாதை குறையாமல்தான் சொல்வார். சந்தேகத்தையும் 'ங்க' போட்டுத்தான் படுவார்.

அவர் பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டதே சந்தேகத்தால்தான். மகள் கயலுக்கு ஆறு வயதாக இருந்தபோது டாஹோ பனிமலையில் ஒரு சறுக்குப் பள்ளியில் சேர்த்தார்கள். பயிற்சியாளன் தாடி வைத்த இளைஞன். ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தான். இத்தனை சிரிக்கிறவன் பிள்ளைகளை எப்படிக் கவனிப்பான் என்று வெங்கடாசலத்துக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகத் தானும் ஸ்கீ என்கிற சறுக்குப் பலகை ஒரு ஜோடி வாடகைக்கு எடுத்து, சுண்டெலி போன்ற குழந்தைகளின் வரிசைக் கடைசியில் ஒட்டகம் போல் நின்றார். விழுந்தார், எழுந்தார். அந்தப் பயிற்சியாளன் மீது குற்றம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் சறுக்கு வந்துவிட்டது. அழகாக வராது. முழங்காலை ஒட்டி, பாதத்தை உள்பக்கம் திருப்பி, பிரேக் பிடித்தபடியே இறங்குகிற வண்டி போல் மலை முழுவதும் இறங்கிவிடுவார்.

அந்தக் கயலுக்கு இப்போது இருபத்தாறு. சாக்ரமென்டோவில் பிசியோதெரபிஸ்ட். தமிழ் முழுக்கப் புரியும், பதிலில் பாதி ஆங்கிலம் வரும். போன குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், இனி உச்சிக்கு ஏற்றிவிட லிஃப்ட் இருக்கும் மலைகளுக்குப் போகப் போவதில்லை, ஆளில்லாத மலைக்குப் போகப் போகிறேன் என்றாள்.

"லிஃப்ட் இல்லாம எப்படிக் கண்ணு மேல ஏறுவே?"

"நடந்துதான்ப்பா. ஸ்கீக்கு அடியில வெல்வெட் மாதிரி ஒரு துணி ஒட்டுவோம். முன்னாடி போகும், பின்னாடி வழுக்காது. மேல போய்ட்டு அத உரிச்சிட்டு, ஸ்கீ பண்ணிட்டு இறங்கணும். இட்ஸ் ப்யூட்டிஃபுல்."

"பனி சரிஞ்சா?"

"பீக்கன் இருக்கு. நெஞ்சுல கட்டிக்கறது. உள்ள புதைஞ்சாலும் சிக்னல் வரும். கூட இருக்கறவங்க அத வச்சுத் தேடித் தோண்டி எடுப்பாங்க."

"போலீஸு? ஹெலிகாப்டரு?"

"அவங்க வர்றதுக்குள்ள இட்ஸ் டூ லேட், அப்பா. கூட யாரு நிக்கறாங்களோ அவங்க மட்டும்தான்."

வெங்கடாசலம் தட்டிலிருந்து கையை எடுத்தார். "கூட யாரு நிக்கறது?"

"முகுந்த்."

"எந்த முகுந்த்?"

"எ ஃப்ரெண்ட்."

வசந்தாமணி கரண்டியோடு அப்படியே நின்றார். ஒரு பெண் 'ஃப்ரெண்ட்' என்ற சொல்லை எவ்வளவு வேகமாகச் சொல்லி முடிக்கிறாள் என்பதை வைத்தே ஒரு தாய் பாதிக் கதையைப் படித்துவிடுவாள். தகப்பனோ அந்தக் கதைக்குள் போகவே இல்லை. அவர் மனம் பனிக்கு அடியில் போய் நின்றுவிட்டது. தன் மகள் உள்ளே கிடக்க, மேலே மண்வெட்டியோடு நிற்கப் போகிறவன் யார்? அவனுக்குத் தோண்டத் தெரியுமா? பயந்து ஓடுவானா? முன்பின் தெரியாத அந்தக் கையை நம்பி ஒரு உயிரை எப்படி ஒப்படைப்பது? அது தன் கையாக இருக்க வேண்டும். சாப்பாடு முடியுமுன் சொல்லிவிட்டார்: "நானும் வர்றேன் கண்ணு."

கயல் மறுக்கவில்லை. பனிச்சரிவு வகுப்புக்குப் போக வேண்டும், ஒழுங்கான பூட்ஸும் ஸ்கீயும் வாங்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் மட்டும் போட்டாள். வகுப்பு எளிதில் முடிந்தது. பூட்ஸ்தான் முடியவில்லை.

பெண் கொடுக்குமுன் நம் பக்கத்தில் மாப்பிள்ளையை எப்படி விசாரிப்பார்களோ, அப்படி விசாரித்தார். பையன் வீட்டாரைக் கேட்க மாட்டார்கள், அவர்கள் ஊர் பேக்கரியில் டீ குடித்தபடி கேட்பார்கள். இவரும் விற்கிறவனை விட்டுவிட்டு, வாங்கினவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார். எந்த ஊரில் செய்தது, அந்தக் கம்பெனி முன்பு என்ன செய்துகொண்டிருந்தது, இதைப் போட்டு விழுந்தவர் உண்டா, விழுந்தவர் இப்போது எப்படி இருக்கிறார்? இத்தாலியில் செய்த ஒரு பூட்ஸைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே சொன்னதும் அதை உடனே ஒதுக்கிவிட்டார். "ஒருத்தனாச்சும் கொறை சொல்லோணுமுங்க. யாரும் சொல்லலைன்னா என்னமோ மறைக்கறாங்கன்னு அர்த்தம்."

"அப்பா, இட்ஸ் எ பூட். நாட் எ மாப்பிள்ளை," என்றாள் கயல் போனில்.

"மாப்பிள்ளைய விசாரிக்கறதுன்னா ஒனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

"வேற ஏதாவது பேசலாம்ப்பா," என்றாள் அவசரமாக. அந்த அவசரத்தை அவரும் கேட்டார். பிறகு பேச்சை மாற்றுவது போல் பூட்ஸின் எடைக்கு வந்தார். அதில் அவருக்கு ஒரு பெரிய வழக்கே இருந்தது. மேலே ஏற வேண்டுமானால் பூட்ஸ் இறகு போல இருக்க வேண்டும், கணுக்கால் மடங்க வேண்டும். கீழே சறுக்க வேண்டுமானால் கல் போல இறுகிக் காலைப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாக் கடைக்காரர்களும் பிழைக்கிறார்கள். "ஏறறதுக்கு நல்லதுன்னா எறங்கறதுக்கு ஆகாது. எறங்கறதுக்கு நல்லதுன்னா ஏறறதுக்கு ஆகாது. இவன் ரெண்டுக்கும் நல்லதுங்கறான். அப்படீன்னா ரெண்டுக்கும் ஆகாதுன்னுதானுங்களே அர்த்தம்?"

ஸ்கீ விஷயத்தில் இன்னும் மோசம். பழைய ஜோடி ஒன்று சான் ஹோசேயில் விற்பனைக்கு இருந்தது. பார்க்கப் போனார். அகலம் அளவானது, நீளம் அவர் மூக்கு உயரம், அடிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இவ்வளவு நல்லதை ஏன் விற்கிறாய் என்று கேட்டார். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன், இனி போக முடியாது என்றான் அந்த மனிதன். எதுக்கும் ஒருக்கா முழங்காலைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார் இவர்! அவனும் கால்சட்டையைச் சுருட்டித் தழும்பைக் காட்டியிருக்கிறான். தழும்பு உண்மைதான். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"ஏனுங், காயம் நெசம்னுதானே சொன்னீங்க?" என்றார் வசந்தாமணி.

"நெசந்தான். அந்த ஸ்கீதான அவன் முட்டிய ஒடச்சிருக்குது! அத நான் வாங்கறதா?"

கடைசியில் வெளிச்சமான கடை ஒன்றில் புது ஸ்கீ வாங்கினார். அகலத்திலும் எடையிலும் நடுவாந்தரமானது. "நடுவுல இருக்கறது ஏமாத்தினாலும் கொஞ்சமாத்தான் ஏமாத்தும்" என்பது அவர் கணக்கு. அதே கடையில் பூட்ஸ் பொருத்தும் இளைஞன் அவர் பாதத்தை அளந்து, நேராக நின்றால் விரல் முன்பக்கம் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விரல் தானே பின்வாங்க வேண்டும், அதுதான் சரியான அளவு என்று சொல்லி ஒரு ஜோடியை மாட்டிவிட்டான். வெங்கடாசலம் அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"வெரல் முட்டோணும்ங்கறானுங்க. முட்டற செருப்ப எவனாச்சும் காசு குடுத்து வாங்குவானா? சின்ன சைஸு விக்காமக் கெடக்குது. என்ற தலையில கட்டப் பாக்கறான்."

நம் வீடுகளில் செருப்பென்றால் ஒரு சைஸ் கூடத்தான். அந்த வழக்கம் கடல் தாண்டியும் கூடவே வருகிறது. இணையத்தில் ஒரு சைஸ் பெரியதாக வரவழைத்தார். அதுதான் அந்த ஆரஞ்சு ஜோடி. உள்ளே கம்பளிக் காலுறை இரண்டு. மாடிப்படியில் ஏறி இறங்கினால் எங்குமே கடிக்கவில்லை. கால் உள்ளே தாராளமாக மூச்சு விட்டது.

"வளர்ற வயசுங்க அவருக்கு. அடுத்த வருசத்துக்கும் ஆவுமுன்னு வாங்கியிருக்காரு," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார் வசந்தாமணி.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கயல் அவரைப் பழக்கத்துக்காக ஒரு சிறிய சரிவுக்கு அழைத்துப் போனாள். ஏறுகிற ஒவ்வொரு முறையும் பூட்ஸுக்குள் குதிகால் எழும்பி எழும்பி உரசியிருக்கிறது. அவர் வாய் திறக்கவில்லை. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டவளிடம் இல்லை என்றார். கால் எப்படி என்று கேட்டவளிடம் பேஷாக இருக்கிறது என்றார். கார் நிறுத்துமிடத்துக்கு வந்து கழற்றியபோது காலுறையின் பின்பக்கம் சிவந்து ஊறிக் கிடந்தது. கயல் பனியிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து அப்பாவின் குதிகாலைக் கையில் ஏந்தினாள். கண்ணில் நீர் திரண்டது. ஆனால் பேசியது கோபம்தான்.

"ஏன்ப்பா சொல்லல?"

"லேசா ஒரசுச்சு கண்ணு."

"இது லேசா? நீங்க மறைச்சா எனக்கு எப்படித் தெரியும்? மேல போய் இப்படி ஆச்சுன்னா வீ ஆர் போத் ஸ்டக். எங்கூட வர்றவங்க எங்கிட்ட உண்மை சொல்லணும். தட்ஸ் ஆல்."

காயம் ஆறியதும் அவர் அதே கடைக்குப் போனார். அதே இளைஞனிடம், விரல் ஏன் தொட வேண்டும் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவன் ஒரே பதிலைச் சொல்கிறானா என்று கவனித்தார். சொன்னான். விரல் முட்டுகிற சாம்பல் நிற ஜோடியை, உள்ளுறையைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்குப் படியவைத்து வாங்கி வந்தார். "இன்னுஞ் சந்தேகந்தான். ஆனா ரத்தம் பொய் சொல்லாதுங்களே" என்றார். மாடிப்படிச் சத்தம் மறுபடி தொடங்கியது. முன்பைவிட இறுக்கமான, குறுகிய சத்தம்.

பூட்ஸ் முடிந்ததும் சந்தேகம் முழுவதும் மிச்சமிருந்த ஒரே பொருள் மீது போய் உட்கார்ந்தது. முகுந்த். தமிழ்ச் சங்கத்தில் யாரையும் யாரோடும் இணைத்துச் சொல்லத் தெரிந்த கோபாலசாமி என்பவரைப் பிடித்தார். பையன் நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் வளர்ந்தவன், அப்பா மருந்துக் கம்பெனியில் இருந்தவர், இவன் இங்கே பாலம் கட்டும் இன்ஜினியர் என்று தகவல் வந்தது.

"ஆளு எப்படீங்க?"

"தங்கமான பையன் சார். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது."

வெங்கடாசலம் போனை வைத்தார். "இத்தாலி பூட்ஸுக்கும் இதேதான் சொன்னாங்க" என்றார்.

மார்ச் மாதத்து ஒரு காலை. டாஹோவுக்குத் தெற்கே ஒரு கணவாயில், சாலையோரம் பனியை ஒதுக்கி உண்டாக்கிய கார் நிறுத்துமிடம். வசந்தாமணி புளிச்சோறும் ஃப்ளாஸ்க் நிறையக் காபியும் எடுத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் இழுத்து வந்திருந்தார். அவருக்குப் பனி பார்க்க ஆசையில்லை. அந்தப் பையனைப் பார்க்க வேண்டும். நாங்கள் இருவரும் ஹீட்டர் ஓடும் காருக்குள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தோம்.

முகுந்த் முன்னதாகவே வந்திருந்தான். ஒல்லி, உயரம், வெயிலில் உரிந்த மூக்கு. "வணக்கம் அங்கிள், வணக்கம் ஆன்ட்டி" என்று கை குவித்தான். வெங்கடாசலத்தின் பார்வை அவன் முகத்தில் தங்கவில்லை. நேரே காலுக்கு இறங்கியது. பழைய பூட்ஸ். ஒரு பக்கம் வெள்ளி நிற டேப் சுற்றி ஒட்டியிருந்தான். ஸ்கீயின் அடியில் எதையோ ஊற்றி நிரப்பிய தழும்பு.

அவர் கார் ஜன்னலருகே வந்து குனிந்தார். "டேப்பு ஒட்டின பூட்ஸு வசந்தா. பாலம் கட்டற சம்பளத்துக்கு ஒரு பூட்ஸு வாங்க முடியாதா?"

"மூக்கு முழி நல்லாத்தானுங்க இருக்குது," என்றார் வசந்தாமணி.

"நான் பூட்ஸப் பத்திப் பேசறேன்."

"நான் பேசலீங்."

பக்கத்தில் வந்து நின்ற கயலின் காரில், முன் இருக்கையோரம் ஒரு பெரிய ஆண் கையுறை கிடந்தது. அதை நாங்கள் இருவருமே பார்த்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. முகுந்த் போய் அதை எடுத்த விதத்தைப் பார்த்தால், அது அங்கே கிடப்பது அவனுக்குப் புதிதாகத் தெரியவில்லை. வெங்கடாசலமும் பார்த்துவிட்டார் என்பது அவர் தாடை இறுகியதில் தெரிந்தது.

கிளம்புமுன் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சற்றுத் தள்ளி முன்னால் போய் நின்று தன் பீக்கன் கருவியில் சிக்னல் வருகிறதா என்று கவனிப்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து நடக்க வேண்டும். கடக்கிறவரின் நெஞ்சில் கட்டிய கருவி உயிரோடு இருந்தால் அவர் கையில் உள்ளது கீச்சிடும். அன்று நின்று கேட்டவன் முகுந்த்.

தரச் சோதனைக்காரர்களிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. பொருளைச் சோதிக்கிறவன் தூங்குகிறானா என்று பார்க்க வேண்டுமானால், நல்ல பொருள்களின் நடுவே ஒரு கெட்டதை வேண்டுமென்றே நுழைத்து அனுப்புவார்கள். அவன் அதைப் பிடித்தால் ஆள் தேறினான். விட்டால் அன்றோடு வேலை போயிற்று. வெங்கடாசலம் அன்று அந்தக் கெட்ட பொருளாகத் தன்னையே நுழைத்தார். ஸ்கீ போட்டுக்கொள்ளக் குனிந்தபோது சட்டைக்குள் கை போயிற்று. நெஞ்சில் இருந்த கருவியை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

முதலில் கயல் கடந்தாள். முகுந்தின் கையில் கருவி கீச்சிட்டது. அவள் போகிற போக்கில் ஏதோ சொன்னாள், அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் போவதைத் திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து வெங்கடாசலம் ஸ்கீயை இழுத்து இழுத்து அவனைக் கடந்தார். பனியில் ஸ்கீ உரசுவதும் காற்றும் தவிர ஒரு சத்தமில்லை. அவர் கடந்தே போய்விட்டார். அவர் முகத்தில் வந்த உணர்ச்சியை நான் பார்த்தேன். இரை சிக்கிய முகமும் இல்லை, ஏமாந்த முகமும் இல்லை. இவனை நம்பியா என் பெண் என்று கேட்கிற முகம்.

"அங்கிள். ஒரு நிமிஷம்."

முகுந்த் சிரிப்பை நிறுத்தியிருந்தான். "திரும்பி வாங்க, ப்ளீஸ். எனக்கு எதுவும் கேக்கல."

வெங்கடாசலம் நின்றார். திரும்பினார். அவர் முகம் மலர்ந்துபோனது. அத்தனை வெளிப்படையான மகிழ்ச்சியை அவரிடம் நான் அதற்குமுன் கண்டதில்லை. சட்டைக்குள் கை விட்டுக் கருவியை உயிர்ப்பித்தபடியே மகளைப் பார்த்துச் சொன்னார்: "நானேதான் ஆஃப் பண்ணேன் கண்ணு! பையன் கவனிக்கறானான்னு பாத்தேன். பாஸாயிட்டான்!"

யாரும் சிரிக்கவில்லை.

"அப்பா," என்றாள் கயல்.

முகுந்த் தன் கருவியைப் பார்த்தான். அது இப்போது கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதை அடக்கிவிட்டு, ஸ்கீயைக் கழற்றிவிட்டு, நடந்து அவருக்கு முன்னால் வந்து நின்றான்.

"அங்கிள், ஐ'ம் ரியலி சாரி. இன்னிக்கு நீங்க எங்க கூட வர வேணாம்."

காருக்குள் வசந்தாமணியின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன. "எங்கூட்டுக்காரரையே வேண்டாங்கறானா?" என்று கதவைத் திறக்கப் போனவர், ஏனோ திறக்கவில்லை.

"எதுக்கு?" என்றார் வெங்கடாசலம். குரல் தாழ்ந்திருந்தது. "இப்ப ஆன்லதான இருக்குது. வேணும்னா ஒருக்கா பாத்துக்க."

"இப்ப ஆன்ல இருக்கு, அங்கிள். ஆனா நீங்க எத, எப்ப, டெஸ்ட் பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாது. மேல போனா நான் உங்கள நம்பணும். கயலுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்களும் நானும்தான் தேடணும். எனக்கு..." அவன் தமிழில் தேடிப் பார்த்தான். கிடைத்ததைச் சொன்னான். "எனக்கு டவுட்டா இருக்கு."

அந்தச் சொல்லை அவர் தன் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவர் மகள் பக்கம் திரும்பினார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பெற்று, தோளில் தூக்கி, சறுக்குப் பள்ளியின் கடைசி வரிசையில் நின்று காத்த பெண்.

"ரூல் அதுதான்ப்பா," என்றாள் கயல். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை. "கூட வர்றவங்கள்ல யாரு ஒருத்தர் வேணாம்னு சொன்னாலும் வேணாம்தான். நான் அவன வர வேணாம்னு சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருப்பான்." சற்றுப் பொறுத்து, இன்னும் மெதுவாக, "எனக்கும் டவுட்டா இருக்குப்பா," என்றாள்.

அவர் வாதாடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். கத்துவார், பெண்ணை இழுத்துக் காரில் போட்டுக்கொண்டு திரும்புவார் என்றுகூடப் பயந்தேன். அவர் குனிந்து ஒவ்வொரு ஸ்கீயாகக் கழற்றினார். இரண்டையும் சேர்த்துப் பனியில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினார். பிறகு, "மேல காத்து பலமா அடிக்குது. பாத்துப் போங்க," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. மலையைப் பார்த்துச் சொன்னார்.

அவர்கள் போனார்கள். முன்னால் கயல், பின்னால் அந்தப் பையன். ஒரு திருப்பத்தில் அவன் நின்று அவளுடைய பையின் பட்டையை இழுத்துச் சரிசெய்தான். அவளும் திரும்பி அவனுடையதை இழுத்துப் பார்த்தாள். பைன் மரங்களின் நிழல் அவர்கள் மேல் ஏறத் தொடங்கியது.

வசந்தாமணி ஃப்ளாஸ்க்கோடு இறங்கிப் போனார். நானும் பின்னால் போனேன். வெங்கடாசலம் நெஞ்சிலிருந்த கருவியை அவிழ்த்து, சிக்னலைத் தேடுகிற நிலைக்கு மாற்றிக் கையில் வைத்திருந்தார். அதன் சின்னத் திரையில் இரண்டு மனித உருவங்கள் தெரிந்தன. பக்கத்தில் தூரத்தைச் சொல்லும் ஓர் எண் கூடிக்கொண்டே போனது.

"என்னுங் அது, ரெண்டு பேரு?"

"ரெண்டு பேருந்தான்."

"நம்ம புள்ள எதுங்க?"

அவர் உற்றுப் பார்த்தார். "தெரியல வசந்தா. இதுல பேரு வராது."

வசந்தாமணி காபியை ஊற்றி நீட்டினார். அவர் வாங்கவில்லை. மரங்களுக்குள் அந்த இரண்டு நிறங்களும் சின்னதாகிச் சின்னதாகி மறைந்தன. கீச்சொலி விட்டு விட்டு வந்தது. கருவிக்கு எட்டாத தூரம் ஆனதும் திரையில் ஒரு உருவம் போயிற்று. கொஞ்சம் பொறுத்து மற்றதும் போயிற்று. சத்தம் நின்றது.

அவர் கருவியை ஒருமுறை குலுக்கினார். பிறகு, சாலையிலிருந்து ஒதுக்கி மதில் போலக் குவித்திருந்த பனி மேட்டில், பூட்ஸின் முனையைக் குத்திக் குத்தி ஏறத் தொடங்கினார். "ஏனுங், வழுக்கும்!" என்று கீழிருந்து மனைவி கூப்பிட்டது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உச்சிக்குப் போனதும் கால்களை அகட்டி ஊன்றி, அந்தக் கருவியைத் தலைக்கு மேல் கை எட்டுகிற உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி நின்றார்.